பின்னறைக்குச் சொட்டு கிடையாது

அந்தக் கூடையை மின்விசிறிக்கு நேராக வைக்க வேண்டாம், மேடம். கினிப்பன்றிக்குக் காற்று ஆகாது, உடனே சளி பிடித்துக்கொள்ளும். ஜன்னல் ஓரமாக, அந்தக் கோப்புகளின் நிழலில் வையுங்கள். அது சாட்சியோ சான்றுப் பொருளோ, உங்கள் சட்டத்தில் எதுவாக இருந்தாலும் அதற்கும் வயிறு என்று ஒன்று உண்டு. கொஞ்சம் புல் என் பையிலேயே இருக்கிறது. போடலாம் அல்லவா? நன்றி.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கணக்கு டீச்சர் எங்கே? இன்று காலை இந்தக் கூடையோடு வந்து, ‘கணக்கு டீச்சர்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களே, அது நான்தான், ஆனா நான் இல்லை’ என்று அழுதாரே ஓர் அம்மாள், அவர் அல்ல. அவருக்கு முன்னால் இருந்தவர். சொல்கிறேன், ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் விடையை மட்டும் எழுதினால் டீச்சருக்கே பிடிக்காது, வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பார். அதனால் முறையாகச் சொல்கிறேன். ரைட்டர் ஐயா என் பேச்சைக் கொஞ்சம் திருத்தமான தமிழில் எழுதிக்கொண்டால் போதும்.

எங்கள் கடை உங்களுக்குப் புதிதல்ல. வெளியூர் போகிறவர்கள் தங்கள் செல்லப் பிராணிகளை விட்டுப்போகும் விடுதி. நாய், பூனை எடுப்பதில்லை. மடியில் அடங்குகிற முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், இவ்வளவுதான். முன்னறையில் நல்ல வெளிச்சம், கூண்டுகள் வரிசையாக இருக்கும். பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் பின்னறை. அதையும் தாண்டினால் செடிகள் இருக்கிற சின்ன இடம். உங்கள் மகள் உருண்டை என்று கூப்பிடும் ஹாம்ஸ்டர்கூட மூன்று விடுமுறைக்கு எங்களிடம் தங்கியிருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். குழந்தை சந்தோஷமாக இருக்கிறது, அதுதான் முக்கியம்.

மருந்து என் மைத்துனனுடையது. இரும்புக் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் பூச்சு விற்கும் கம்பெனியில் விற்பனையாளனாக இருந்தான். கம்பெனியை மூடினார்கள், அவன் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். சும்மா இருக்கிற மூளை சும்மா இருக்காது. ஒருநாள் பின்பக்கம் தானாக முளைத்துக் கிடந்த ஒரு கசப்பு இலையைக் கிள்ளி முயலுக்குப் போட்டான், முயல் தின்றது. அவனுக்கு அதுவே ஆராய்ச்சி.

“மாமா, இரும்பு ஏன் துருப்பிடிக்குது? காத்து படுது, அதான். உசுருக்கும் அதே கதைதான். உள்ளுக்குள்ள துரு ஏறுது, முடி கொட்டுது, கண்ணு மங்குது. அதைத் தடுக்கிற சத்துக்கு ஆன்டிஆக்சிடன்ட்னு பேரு. நான் இத்தனை வருஷமா கம்பிக்குப் பண்ணினதை இப்ப கினிப்பன்றிக்குப் பண்ணப்போறேன்.”

இலையை வேகவைத்து, வடிகட்டி, சொட்டு விடும் சின்னக் குப்பியில் அடைத்தான். மேலே பச்சை எழுத்தில் நீளமாக ஒரு பெயர் அச்சடித்தான். வாடிக்கையாளர்கள் வாயில் அது நுழையவில்லை, துரு மருந்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காலையில் இரண்டு சொட்டு. தண்ணீரில் கலந்தால் குடிக்காது, வாயோரத்தில் விட வேண்டும். நான்தான் விடுவேன், எனக்குக் கை நிதானம் அதிகம். அப்போது இருந்தது.

கணக்கு டீச்சரின் கினிப்பன்றி பஞ்சுதான் முதலில் குடித்தது. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். மகன் கடல் தாண்டி இருக்கிறான். தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஞ்சுவை எங்களிடம் விடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும், மேடம். அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தன் பிராணிக்கு மட்டும் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. டீச்சர் எல்லாக் கூண்டுக்கும் நறுக்கிக்கொண்டு வருவார். ஒரு பேச்சை முடித்து இன்னொன்றுக்குப் போகும்போது, “சரி, அடுத்தது” என்பார். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்த முறை டீச்சர் திரும்பி வருவதற்குள் பஞ்சு தீனியை விட்டுவிட்டது. ஏற்கெனவே கிழம். சொட்டு குடித்துக்கொண்டே தலை தொங்கிவிட்டது. மைத்துனனுக்கு முகம் வெளுத்துப்போனது. அப்போதுதான் முதல் குப்பிகள் விற்கத் தொடங்கியிருந்தன.

“மருந்து குடிச்ச பிராணி சாகக்கூடாது மாமா. பேரு கெட்டுப்போயிடும்” என்றான்.

என் மனைவி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். எந்த விஷயத்துக்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள், கை வேலையை நிறுத்தவும் மாட்டாள். “அப்ப மருந்தை நிறுத்துங்க. நிறுத்திட்டுச் சாகட்டும்” என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. சொட்டை நிறுத்தினோம், பஞ்சுவைப் பின்னறைக்கு மாற்றினோம். அது இறந்தபோது மருந்து குடிக்காத பிராணியாகத்தான் இறந்தது. மனைவி சந்தைக்குப் போய் அதே பழுப்பு, அதே வெள்ளை, மூக்கும் முழியுமாக ஒரு கினிப்பன்றி வாங்கி வந்தாள். டீச்சர் வந்தால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாசலில் நின்றேன். அவர் அதைத் தூக்கி முகத்தோடு ஒட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“எப்படிப் பளபளன்னு ஆயிட்டான்! என்ன குடுத்தீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி அவர் கையில் குப்பியை வைத்துவிட்டாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். ஆனால் கூட்டில் இருப்பது குயில் குஞ்சா என்று எந்தக் காக்கையும் புரட்டிப் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு முறை வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, சமையலறையில் உப்பு ஜாடிக்கு ஓர் இடம் அமைவது போலத் தானாக அமைந்தது. ஒரு பிராணிக்கு முடி மங்கினாலோ கண்ணில் நீர் வடிந்தாலோ, அன்றைக்கே சொட்டு நிறுத்தம். பலகைக் கதவு திறக்கும். முன்னறைக்கு அதே ஜாடையில் இன்னொன்று வரும். முதலில் சாகப்போவதை மாற்றினோம். பிறகு நோய் வந்ததை. பிறகு வரும்போல இருந்ததை. பின்னறையில் இருந்தவற்றுக்குத் தீனியில் குறை வைத்ததே இல்லை. சில நல்ல ஆயுளோடும் இருந்தன. சொட்டு மட்டும் கிடையாது.

அதனால் நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன், மேடம். துரு மருந்து குடித்துக்கொண்டிருந்த ஒரு பிராணிகூட எங்கள் கையில் சாகவில்லை.

சறுக்கல் இல்லாமல் இல்லை. ஆணாக விட்டுப்போன பஞ்சு ஒரு தடவை டீச்சர் வீட்டில் மூன்று குட்டி போட்டது. சந்தையில் அவசரத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கிய வினை. டீச்சர் கூடையோடு வந்து நின்றார். மனைவி குட்டிகளைக் கொஞ்சிக்கொண்டே, “அது முதல்லேருந்தே பெண்ணாத்தான் இருந்திருக்கும் டீச்சர். உடம்புல தெம்பில்லாம ஆண் மாதிரி இருந்திருக்கு. இப்பதான் சத்து ஏறியிருக்கு” என்றாள். டீச்சர் குட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, “சரி, அடுத்தது” என்று இன்னும் இரண்டு குப்பி கேட்டார். கால்நடை டாக்டர் ஒருவரும் பஞ்சுவின் பல்லைப் பார்த்து அசந்துபோனார். இந்த வயதுக்கு இப்படிப் பல் பார்த்ததில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சாப்பிடுகிறவருக்குப் பசி இருந்தால் மறைக்கலாம்.

நாங்களும் குடித்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறருக்கு ஒன்று நமக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளவில்லை. காலை டீயில் மனைவி தன் கையாலேயே சொட்டு விடுவாள். வேப்பங்கொழுந்தைக் கடித்தது போல நாக்கு சுருங்கும். அந்தக் கசப்பு இறங்கினால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

நாங்கள் குடிப்பதைப் பார்த்துத்தான் டீச்சரும் தொடங்கினார். பத்து வருடமாகக் கண்முன்னே பஞ்சுவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவர் ஏன் நம்பமாட்டார்? ஒருநாள் பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

“இதை எங்கயாவது தூக்கிப் போட்டுரும்மா. நான் கணக்கு சொல்லிக்குடுத்தவ. நிரூபிச்சதைத்தான் நம்புவேன். பஞ்சுதான் எனக்கு நிரூபணம்.”

அன்று சொல்லியிருக்கலாம். ஆனால் மைத்துனன் அப்போதுதான் புதுப் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான், பாவம், வியர்த்துக் கொட்டியது. எழுந்து போய் ஒரு கை கொடுத்துப் பெட்டியை இறக்கினேன். டீச்சரும் அன்று மிகவும் மலர்ச்சியாக இருந்தார்.

அவர் விழுந்தது எங்கள் கடையில்தான். வெள்ளரிக்காய்ப் பாத்திரத்தைக் கூண்டின் மேல் வைக்கப்போனவர் அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தார். வாய் கோணிவிட்டது, வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. நானும் மைத்துனனும் தூக்கிக்கொண்டோம். எந்தப் பக்கம் தூக்குவது என்று யாரும் கேட்கவில்லை. மனைவி பலகைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

வைக்கோல் எல்லாம் இல்லை, மேடம். மெத்தைதான் போட்டோம். புது உறை.

டாக்டரை ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்கள். டாக்டர் வந்ததும் முதலில் என்ன கேட்பார்? என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றுதானே கேட்பார். சொட்டை அன்று மாலையே நிறுத்திவிட்டோம். பழைய மாத்திரையாவது கொடுத்துப் பார்க்கலாமே என்று நான்தான் மனைவியிடம் கேட்டேன், தூக்கிப் போடாமல் அலமாரியில்தான் வைத்திருந்தாள். “குடுத்து எழுந்துட்டாங்கன்னு வைங்க. மாத்திரையாலதான் எழுந்தாங்கன்னு ஆயிடும்” என்றாள். நான் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டேன்.

பின்னறையில் அப்போது பழைய பஞ்சுக்கள் மூன்று இருந்தன. மூன்றும் கிழடு, ஆனால் உயிரோடு. மறுநாள் காலை புல் போடப் போனேன். டீச்சர் கூண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை நன்றாக இருந்தது. விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்துவிட்டார். நான் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குள் மகன் வருவதாகச் செய்தி வந்தது. தலைக்கு மேல் வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன. மனைவி தனக்குத் தெரிந்த சலவைக்கடையில் ரசீது கொடுத்துக்கொண்டிருந்த அம்மாளைக் கூட்டி வந்தாள். அதே உயரம், அதே மாதிரி மூக்குக்கண்ணாடி. மருமகள் கையில் தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவர். தனி வீடு, மடியில் ஒரு பிராணி, வாரம் ஒருமுறை போனில் அன்பாகப் பேச ஒரு மகன் என்றதும் கண்ணில் நீர் விட்டார். பிரம்பு நாற்காலியில் எப்படி உட்காருவது, பஞ்சுவை எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொடுத்தோம். “சரி, அடுத்தது” என்பதைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். அந்த மாதம் பஞ்சுவும் புதிதுதான். அதனால் இரண்டும் ஒன்றிடம் ஒன்று மிகவும் மரியாதையாக நடந்துகொண்டன.

மகன் வந்தான், தங்கினான், ஒழுகிய குழாயைச் சரிசெய்தான். பாதி நேரம் கையில் போன். புறப்படும் நாளில் குப்பிகள் வாங்க எங்கள் கடைக்கு வந்தான்.

“அம்மா முன்ன மாதிரி என்னைத் திட்டவே இல்லை சார். முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு. உங்க மருந்துதான்னாங்க. ரொம்ப நன்றி” என்றான்.

அப்போது பின்னறையிலிருந்து சத்தம் கேட்டது. தகரக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டும் சத்தம். விட்டுவிட்டு, சீராக. மகனின் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“என்ன சார் அது?”

“ஒரு வயசான முயல். காலை உதைச்சுக்கிட்டே இருக்கும்.”

அவன் பலகைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். நல்ல பையன், இளகிய மனசு. “பாவம் சார். அதுக்கும் ரெண்டு சொட்டு விடுங்களேன்” என்றான்.

“அதுக்கு இனிமே தேவைப்படாது தம்பி” என்றேன்.

குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு அவன் தெருவைக் கடந்து போனான். சத்தம் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து நின்றது. அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மேடம். உண்மையாகவே வருத்தப்பட்டேன். ஆனால் என் மனதுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அவர் சொட்டு குடித்துக்கொண்டு சாகவில்லை.

நீங்கள் கேட்டதற்கு விடை அதுதான். பின்பக்கம், சுவரோரப் பாத்தி. எங்களிடம் இறந்த எல்லாவற்றையும் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் வைப்பது வழக்கம். மருந்துக்கு இலை அங்கேயிருந்துதான். ஒரு பாத்தியில் மட்டும் இலை தனியாகக் கருகருவென்று தழைத்திருக்கும். தோண்ட வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டியதில்லை.

சலவைக்கடை அம்மாள் ஏன் உங்களிடம் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. போன மாதத்திலிருந்து அவருக்கு இருமல். நேற்று கடைக்கு வந்தார், குப்பி வாங்க. முன்னறையில் இன்னோர் அம்மாள், அதே உயரம், மூக்குக்கண்ணாடி, மடியில் அடுத்த பஞ்சுவை வைத்துக்கொண்டு, “சரி, அடுத்தது... சரி, அடுத்தது” என்று என் மனைவியிடம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். இவர் அந்தப் பஞ்சுவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார். அவர் பயந்ததில் நியாயமே இல்லை. இருமல் அவ்வளவு மோசமாகவும் இல்லை.

அந்த நேரத்தில் நானும் கடையில்தான் இருந்தேன். ஆனால் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மூலையில் ஓர் ஆளுக்கு மைத்துனன் முயலுக்கு நகம் வெட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஒரு வாரமாக வருகிறார், எதுவும் வாங்குவதில்லை. கடைக்கு உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளாக என் கை நடுங்குகிறது, சொட்டு வாயில் விழாமல் முடியில் விழுகிறது. மனைவி என் கையையே பார்ப்பாள். என் மேல் அவளுக்கு அக்கறை அதிகம்.

இதோ, கடைக்குப் போன கான்ஸ்டபிள் வந்துவிட்டார். அவர் சொல்லட்டும், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

“மேடம், கடை திறந்துதான் இருக்கு. ஓனர் கல்லாவுல உட்கார்ந்திருக்கார். உள்ள போனதும், ‘கதவைச் சாத்துங்க சார், கினிப்பன்றிக்குக் காத்து ஆகாது’ன்னார். இவரைப் பத்திக் கேட்டேன். ஓனர் சம்சாரம் தெரியாதுன்னுட்டாங்க. ‘என் வீட்டுக்காரர் இதோ இருக்காரே, அது யாரோ பைத்தியம்’னாங்க. தெருவுலயும் விசாரிச்சேன். ஓனர் கடையிலதான் இருக்கார்னு எல்லாரும் சொல்றாங்க.”

பாருங்கள், அந்த ஆள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் என்னைப் போலவே இருக்கும்.

இல்லை மேடம், தண்ணீர் வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உட்கார்ந்தே இருக்கிறேன். ரைட்டர் ஐயா கடைசியாக ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், துரு மருந்து குடித்தவன்தானே என்று யாராவது பேசக்கூடும். அது அநியாயம். அந்த மருந்து இதுவரை யாரையும் கைவிட்டதில்லை. இன்று காலை என் மனைவி கொடுத்த டீ கசக்கவே இல்லை.